பாட்டுக்காரர் வராத கச்சேரி

1

பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி, ஈயச் சுரங்கத்து லாரிகள் போகும் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. என் மகன் சந்திரன்தான் என்னை வெளியே போகச் சொல்லியிருந்தான்.

நாளைக் காலை பள்ளி மண்டபத்தில் அவன் தனியாக வயலின் வாசிக்க வேண்டும். இன்று கடைசி ஒத்திகை. அவனுடைய ஆசிரியர் ஒரு சீனர், பியானோவில் உட்கார்ந்திருந்தார். பையன் நின்றுகொண்டு, வயலினைத் தாடைக்கு அடியில் இடுக்கி, எதிரே வைத்திருந்த காகிதத்தைப் பார்த்து வாசித்தான். நான் முன்வரிசையில் இருந்தேன். பாதியில் வில்லை இறக்கிவிட்டான்.

“அப்பா, ப்ளீஸ், வெளியே போங்க.”

“நான் என்னடா செஞ்சேன்? சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்?”

“உங்க வாய் அசையுது. நான் பேப்பரைப் பார்க்கிறதா, உங்க வாயைப் பார்க்கிறதா?”

சீன ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் வாயைப் பார்த்துச் சிரித்தார். அவரும் கவனித்திருக்கிறார்.

“நாளைக்கும் முன்னால உட்கார வேணாம்லா” என்றான் பையன். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கெஞ்சினான். அதனால் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த ஈப்போவில் நான் வாங்காத பேச்சில்லை. சுரங்கத்துத் துரையிடம் வாங்கியிருக்கிறேன். யுத்தத்தின்போது ஜப்பான்காரனிடம் வாங்கினேன், பிறகு அரிசி வரிசையில் நின்று கடைக்காரனிடம் வாங்கினேன். எல்லாம் அன்றன்றைக்கே உதிர்ந்துவிடும். பையன் சொன்னது உதிரவில்லை. காரணம், இதே பேச்சை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஸ்ரீரங்கத்தில். சொன்னது ஒரு பெண் குழந்தை. கேட்டுக்கொண்டவர் நான் வேலை பார்த்த வாத்தியார்.

2

என் ஊர் முசிறிப் பக்கம். படிப்பு பாதியில் நின்றது. வாழைத்தார் ஏற்றினேன், லால்குடியில் நெல் மண்டியில் மூட்டை தைத்தேன், பொன்மலையில் ரயில் பட்டறைக்கு வெளியே இரும்பு சுமந்தேன். ஒரு வேலையிலும் ஒரு வருஷம் தங்கினதில்லை. பொன்மலையில் கூலிக்காரர்களைக் குறைத்தபோது, உறையூரில் தர்மலிங்கம் என்ற பிடில் வாத்தியாருக்குச் சுருதிப் பெட்டி போட ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு வயலின் என்ற பேரே வாயில் வராது, பிடில்தான்.

வாத்தியார் என்னைக் கேட்டது ஒரே கேள்வி. “பாடுவியா?”

“தெரியாதுங்க.”

“நல்லதாப் போச்சு. பாடத் தெரிஞ்சவன் சும்மா இருக்க மாட்டான். பெட்டியைத் தூக்கு.”

தோல் துருத்தியைக் கையால் மடக்கி விரித்தால் பெட்டி ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். காற்று ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அவ்வளவுதான் வேலை. காலையில் வாத்தியார் குதிரை வண்டியில் காவேரிப் பாலத்தைத் தாண்டுவார். நான் பெட்டியோடு பின்னால் நடப்பேன்.

போகும் இடம் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வரதாச்சாரி வீடு. அவர் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. அவருடைய மகள் ரங்கநாயகிக்குப் பதினைந்து வயது இருக்கும். தம்பி சீனு அவளைவிடச் சிறியவன். இரண்டு பேரும் பிடில் கற்றார்கள். சப்பணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்க வேண்டும். சீனுவுக்குக் கால் மரத்துப்போகும். எழுந்து நொண்டிக்கொண்டே ஓடுவான். ரங்கநாயகி அசையமாட்டாள்.

கோட்டைப் பக்கம் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில் நவராத்திரிக்குக் கச்சேரிகள் நடக்கும். அதில் ஒரு சாயங்காலம் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைத்தது. சீனு ஒரு வர்ணம் வாசித்துவிட்டு இறங்க வேண்டும். மிச்சம் முழுவதும் ரங்கநாயகியின் தனிக் கச்சேரி. பாட்டுக்காரர் கிடையாது.

வரதாச்சாரி என் எதிரிலேயே வாத்தியாரிடம் பேச்சை முடித்தார்.

“பிள்ளைவாள், நான் ஒளிச்சுப் பேசலை. பொண்ணு தனியா மேடையில உக்காரட்டும். நன்னா வந்தா, பட்டணத்துல என் தமக்கை ஆத்துல விட்டு மேலே கத்துக்க வைக்கறேன். வரலேன்னா, தை மாசம் கும்மோணத்துலேர்ந்து பொண்ணு பாக்க வரா. அப்போ பிடில் பரண்ல இருக்கும்.”

“வரும்ங்க. நான் பொறுப்பு” என்றார் வாத்தியார்.

ரங்கநாயகி உள்கட்டு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா போனதும் வந்து உட்கார்ந்து, வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். “போதும்மா, வில்லு வெளுத்துப்போச்சு” என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

3

மிருதங்கத்துக்கு நாராயண ராவ் என்று ஒருவரை அமர்த்தினார்கள். ஆளும் பேச்சும் கனம். முதல் ஒத்திகைக்கு வந்தவர், இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

வர்ணம் ஓடிற்று. கீர்த்தனையும் பரவாயில்லை. பிறகு வாத்தியார் தோடி ராகத்தை விஸ்தாரமாக வாசிக்கச் சொன்னார். அதற்குத் தாளம் இல்லை. ராவ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

ரங்கநாயகி ராகத்தில் ஒரு துண்டு, ஒரு பிடி, வாசித்தாள். சுத்தமாக இருந்தது. நிறுத்தி, கழுத்தை வலது பக்கம் ஒரு சாய்ப்புச் சாய்த்தாள். வலது பக்கம் உட்கார்ந்திருந்த வாத்தியார் மெல்ல அடுத்த பிடியைப் பாடினார். அதை அவள் வாசித்தாள். மறுபடியும் சாய்ப்பு. மறுபடியும் அவர் பாடினார். எனக்கு இது புதிதல்ல. தினமும் பாடம் இப்படித்தான் நடக்கும்.

ராவ் சிரித்தார். “என்ன ஓய் தர்மலிங்கம், இது தனிக் கச்சேரியா, பாட்டுக்காரர் வராத கச்சேரியா?”

“ஏன்?”

“ஏனா? குழந்தை யாருக்கோ காத்துண்டிருக்கா பாரும். ரயில் லேட்டுன்னு பாட்டுக்காரர் தந்தி அடிச்சிருக்கார் போல இருக்கு.”

வாத்தியார் முகம் கறுத்தது. அவர் வாழ்நாள் முழுவதும் பாட்டுக்காரர்களின் இடது பக்கம் உட்கார்ந்து வாசித்தவர். அவர்கள் ஒரு பிடி பாடி நிறுத்துவார்கள். இவர் அதை ஏந்தி, அதற்கு மேல் போகாமல் திருப்பிக் கொடுப்பார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் பக்கம் பிடில்காரர்கள் பலரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒரு தப்பு என்று யாருக்கும் தோன்றக் காரணமில்லை, பிள்ளையைத் தனியாக மேடை ஏற்றுகிற நாள் வரைக்கும்.

சீனுவுக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவன் வாத்தியார் பாடியதை ஒருநாளும் கேட்டதில்லை. “நான் வாசிக்கறேன் பாருங்கோ” என்று மூச்சுவிடாமல் தோடியில் நாலு சுற்று சுற்றினான். பாதிக்கு மேல் அபசுரம்.

“இவன் தேவலை ஓய்” என்றார் ராவ். “தப்பா வாசிச்சாலும் இவன் வாசிக்கறான்.”

ரங்கநாயகி பிடிலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை என்று மறுநாள் சீனு சொன்னான்.

4

அதற்குப் பிறகு வாத்தியார் பாடுவதை நிறுத்தினார். நிறுத்த முயன்றார் என்று சொல்வதே சரி. சத்தம் நின்றது, உதடு நிற்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்து வாசித்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதுகைப் பார்த்து வாசித்தாள். தோளின் அசைவே அவளுக்குப் போதுமாக இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனார். உடனே நின்றுவிட்டாள். நான் துருத்தியை இழுத்துக்கொண்டே இருந்தேன். கூடத்தில் பெட்டியின் முனகலைத் தவிர ஒன்றுமில்லை.

நவராத்திரி நெருங்க நெருங்க மழை பிடித்தது. பிடிலின் ஆட்டுக்குடல் தந்திகள் ஈரத்தில் தொய்ந்தன. சுருதி சேர்த்த கை எடுப்பதற்குள் இறங்கின. வரதாச்சாரி ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஒருநாள் நின்று அவள் வாசிப்பதைக் கேட்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் வாத்தியாருக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ரங்கநாயகி வில்லை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். “சார், ஒண்ணு கேக்கட்டுமா? கச்சேரிக்கு நீங்க வராதேள்.”

வாத்தியாருக்குப் புரியவில்லை. “எங்கே?”

“மண்டபத்துக்கு. உள்ளேயே வராதேள்.”

“என்னம்மா பேச்சு இது? முதல் கச்சேரிக்குக் குருதான் வில்லை எடுத்துக் கொடுக்கணும். நான் இல்லேன்னா ஊர் என்ன சொல்லும்? உங்கப்பா என்ன சொல்லுவாரு?”

“ஊர் சொல்றதை நான் அப்பறம் கேட்டுக்கறேன். நீங்க அங்கே இருந்தா உங்களைத்தான் கேப்பேன்.”

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் காட்டி, “இவன்?” என்றார்.

“அண்ணா இருக்கட்டும். அவர் பாட மாட்டார்.”

திரும்பும்போது வாத்தியார் வண்டியைத் தவிர்த்துவிட்டு என்னோடு நடந்தார். பாலத்துக்குக் கீழே காவேரி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. “குழந்தைக்குக் கோபமா என் மேல?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரியவில்லை.

இதை எழுதும்போது ஈப்போவில் கிந்தா ஆற்றுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஊரில் என் தொழில் என்ன என்று கேட்டால் கொல்லன் என்று சொல்ல வேண்டும். பினாங்கில் கப்பல் விட்டு இறங்கியபோது ஒரு குமாஸ்தா என் வேலையைக் கேட்டார். அவர் பாஷை எனக்கு வராது. கையால் துருத்தி இழுத்துக் காட்டினேன். எழுதிக்கொண்டு, சுரங்கத்துப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே உலைக்குக் காற்று அடித்தேன். பிறகு இரும்பையும் அடிக்கக் கற்றுக்கொண்டேன். யுத்தத்துக்குப் பின் கொடுத்த அடையாள அட்டையிலும் அதே தொழில்தான். மாற்றச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக அலைவதைவிடக் கொல்லனாக இருப்பது சுலபம். சந்திரனுக்கு இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். ஆங்கிலத்தில் தன் சினேகிதர்களுக்குச் சொல்லிச் சிரித்தான். தமிழில் சொல்ல அவனுக்குச் சொற்கள் போதவில்லை.

5

கச்சேரியன்று மழை விட்டிருந்தது. மண்டபம் நிரம்பியிருந்தது, ஒரு பெண் குழந்தை தனியாக வாசிப்பதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் வாத்தியாருக்கென்று ஒரு நாற்காலி. பக்கத்து நாற்காலியில் வரதாச்சாரி, மடியில் வெற்றிலை பாக்கும் வேஷ்டியும் வைத்த தாம்பாளம். குருவுக்குக் கொடுக்க.

நாற்காலி காலியாகவே இருந்தது. வண்டி கிடைத்திருக்காது என்று நினைத்தார்கள். சீனு ஏறி, வர்ணத்தை நாய் துரத்துவதுபோல ஓட்டி முடித்தான். கை தட்டினார்கள். ரங்கநாயகி ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ராவ் அவளுக்கு வலப்புறம் கொஞ்சம் தள்ளி. நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

வரதாச்சாரி எழுந்து வாசலைப் பார்த்தார். “பிள்ளைவாள் எங்கே? நாழி ஆறதே.”

மேடை ஓரத்திலிருந்து சீனு கத்தினான். “சார் எதிர்த்த வெத்தலைக் கடையில உக்காந்திருக்கார்ப்பா! நான் பாத்தேன்!”

சபை சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், “குருவே கேக்கப் பயந்துண்டு வெளியிலே நிக்கறார் போல இருக்கே” என்றார். அது மேடை வரை கேட்டது. வரதாச்சாரிக்குக் காது சிவந்துவிட்டது. தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வாத்தியாரை இழுத்துவர வாசலை நோக்கி நடந்தார்.

ரங்கநாயகி அவர் போவதைப் பார்த்தாள். “மாமா, ஆரம்பிக்கலாம்.”

“அப்பா வரட்டும்மா” என்றார் ராவ். “குரு வந்து வில்லை எடுத்துக்...”

அவள் வில்லைத் தானே எடுத்துத் தந்தியில் போட்டுவிட்டாள்.

ராவ் வாய் திறந்தபடியே தட்ட ஆரம்பித்தார். நான் அதுவரை பார்த்ததில் அவள் யாரும் சொல்லாமல் தொடங்கியது அது ஒன்றுதான். வாசலருகே போயிருந்த வரதாச்சாரியின் முதுகு ஒரு கணம் நின்றது. பாதிக் கச்சேரியில் குருவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவது அழகில்லை. போன வேகத்தில் வெளியே போய்விட்டார்.

அவளுடைய வர்ணமும் கீர்த்தனையும் ஆயின. பிறகு தோடி.

முதல் பிடியை வாசித்தாள். நிறுத்தினாள். அவள் பின்னலும் வலது காதும்தான் எனக்குத் தெரிந்தன. அந்தக் காது வலது பக்கம் சாய்ந்தது.

அங்கே, அவளுக்கும் ராவுக்கும் நடுவில், வெறும் ஜமுக்காளம்தான் இருந்தது.

ராவ் மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடி அசையவில்லை. அவரிடம் அப்போது கேலி இல்லை. முன்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. நான் தலையைக் குனிந்து துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என் முகத்தில் எதையாவது படித்துவிடுவாள் என்று பயம். கை நடுங்கினால் சுருதி நடுங்கும். வியர்வை மூக்கு நுனியிலிருந்து பெட்டியின்மேல் சொட்டிற்று. காற்று ஏறாமல், இறங்காமல் இழுத்தேன். அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

காது நேரானது. வில் தந்தியைத் தொட்டது. அடுத்த பிடி வந்தது. வாத்தியார் பாடத்தில் அது இல்லை. தினமும் கூடவே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். கொஞ்சம் கரகரத்தது. அதன் தோளிலேறி இன்னொன்று வந்தது. ராவ் மெல்லிய குரலில், “ரயில் வந்துடுத்து” என்றார்.

6

வெளியே நடந்ததை வாத்தியார் பிறகு பாலத்தில் சொன்னார்.

பாடிவிடுவோமோ என்ற பயத்தில் அவர் கை நிறைய வெற்றிலையை மடித்து வாயில் அடைத்துக்கொண்டு கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வரதாச்சாரி தாம்பாளத்தோடு வந்து கூச்சலிட்டார். வாத்தியார் மண்டபத்தைக் கையால் காட்டினார். வர்ணமும் கீர்த்தனையும் முடியும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். பிறகு தோடி ஆரம்பித்தது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் தெரு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

அவள் வாசிப்பை நிறுத்திய இடத்தில் வரதாச்சாரியின் கோபம் போய்விட்டது. “என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டா?” என்றார். தாம்பாளத்தைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு, வாத்தியாரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

“பாடுமேன் ஓய்! ஒரு வரி பாடும்! இங்கேர்ந்து பாடினா குழந்தைக்குக் கேக்கும். சபையிலே வாயடைச்சுப்போய் உக்காந்திருக்காளே, உமக்கு மனசே இல்லையா?”

“அந்த மனுஷன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு” என்றார் வாத்தியார். “எனக்குத் தொண்டையில அடுத்த பிடி வந்து நிக்குது. துப்பிட்டுப் பாடிடலாமான்னு எழுந்துட்டேன். வெத்தலையைக் கடிச்சுக்கிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.”

அவள் தானாக எடுத்தபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். விட மறந்துவிட்டார்களாம்.

கச்சேரி முடிந்து, ரங்கநாயகி வியர்த்துப்போய் வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும், “நான்தான் சாரை வராதேள்னேன். அவரைக் கோச்சுக்காதேங்கோ” என்றாள். வரதாச்சாரி தாம்பாளத்தை எடுத்து, அந்தத் தெருவில், வெற்றிலைக் கடை முன்னாலேயே வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் அவசரமாகச் சாக்கடைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். அவள் விழுந்து சேவித்தாள்.

வரதாச்சாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதம் கும்பகோணத்துக்காரர்கள் வரவில்லை. ரங்கநாயகி பட்டணம் போனாள். சீனு அத்தோடு பிடிலை விட்டுவிட்டான். உத்தர வீதியில் பாடம் நின்றது; வாத்தியார் பழையபடி பாட்டுக்காரர்களின் இடது பக்கம் போய் உட்கார்ந்தார். எனக்குப் பெட்டி வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் உறையூரில் சுற்றிவிட்டு, நாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினேன்.

7

நேற்றுப் பாலத்துக் கட்டையில் எழுத ஆரம்பித்தது. வெளிச்சம் போனதால் மிச்சத்தை வீட்டில் எழுதினேன். இது இன்று மத்தியானம் சேர்ப்பது.

விடிந்ததும் சந்திரனுக்கு முன்பே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வருகிறவர்களின் சைக்கிள்களை வாங்கி, சீட்டில் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டு, மரத்தடியில் வரிசையாக நிறுத்த ஓர் ஆள் வேண்டும் என்று காவல்காரர் நேற்றுப் புலம்பிக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்க பிள்ளைதானே வாசிக்கிறான்? உள்ளே நாற்காலி இருக்கே.”

“மரத்தடியே நல்லா இருக்கு” என்றேன்.

காலையில் கிளம்பும்போது என் மனைவி அஞ்சலை, “எதுக்கு இவ்வளவு வெத்தலை? கடை போடப் போறீங்களா?” என்று கேட்டிருந்தாள். மண்டபத்து ஜன்னல் வழியாகக் கை தட்டல் கேட்டது. பியானோ தொடங்கிற்று. நான் மடித்து வைத்திருந்த வெற்றிலையை எல்லாம் வாயில் அடைத்துக்கொண்டேன்.

தாமதமாக வந்த ஒரு சீனக் கிழவர் சைக்கிளை என்னிடம் தள்ளி, ஆரம்பித்துவிட்டார்களா என்று மலாய் மொழியில் கேட்டார். சாக்குக்கட்டியால் நம்பர் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினேன்.